செம்புக் குடத்தில் நுங்குப் பூச்சி

கடலை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட ஆசிரியைகள் ஆறேழு பேர் சேர்ந்து சென்னைக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கூத்தடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஈர மணலில் கிடந்த ஒன்றைப் பார்த்து அப்படியே குந்திவிட்டேன். தோசைக்கல் அகலத்துக்குக் கண்ணாடி போல, வழுவழுவென்று ஏதோ கிடந்தது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "தொடாதீங்கம்மா, அது சொறி. கை எரிஞ்சுபோவும்" என்று சத்தம் போட்டார்.

"இது எங்க ஊர்ல இருந்துச்சே!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

எங்களுடன் வந்திருந்த சயின்ஸ் டீச்சர் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "தர்மபுரியில ஜெல்லி மீனா? ஏன் டீச்சர், அப்படியே ஒரு திமிங்கிலமும் பார்த்தீங்களா?" என்றாள். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. என் கோபம் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த சங்கதி. "நான் என்ன உன் காதுல பூ சுத்தறேனா? காலணா அகலம் இருக்கும். இந்த உள்ளங்கையில வெச்சுப் பார்த்திருக்கேன். ஒண்ணை முழுங்கியும் இருக்கேன், தெரியுமா!" என்று கத்தினேன்.

காலணா அகலம் என்றதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் ஓடியதா, தேங்கியதா? எந்த மாதம்? எத்தனை நாள் இருந்தது? கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அன்று சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்து முற்றத்தில் உட்கார்ந்து, நல்ல தண்ணீரிலும் அந்த வகைப் பிராணி உண்டு என்று விளக்கினாள். வருஷத்தில் பெரும்பாலான நாள் அது குண்டூசித் தலை அளவில், கை கால் முகம் ஒன்றும் இல்லாத ஒரு முளையாகக் கல்லிலோ முழுகிய மரத்திலோ ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். தண்ணீர் அசையாமல் நின்று, வெயிலில் நன்றாகக் காய்ந்தால், அந்த முளையின் பக்கத்தில் மொட்டு விடுமாம். மொட்டு கழன்று குடையாக விரிந்து மேலே நீந்தி வரும். அந்தக் குடையைத்தான் நம் கண்ணால் பார்க்கிறோம். சில வாரங்கள்தான் அதற்கு ஆயுசு. அடுத்த வருஷமும் வரும் என்று நிச்சயம் இல்லை. பத்து வருஷம் ஆளே தெரியாமல் இருந்துவிட்டு ஒரு கோடையில் திடீரென்று ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குக் கொக்கின் காலிலும் பாசியிலும், மீன்குஞ்சு கொண்டுபோகும் டின்னிலும்கூட ஒட்டிக்கொண்டு போய்ச் சேருமாம்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் முழுகிப்போன வீடுதான் கண்முன் வந்தது. பென்னாகரத்துக்குத் தெற்கே, காவிரிக் கரையில் எங்கள் ஊர் இருந்தது. மேட்டூரில் அணை எழும்பித் தண்ணீர் ஏறியபோது எனக்கு எட்டு வயது. ஓட்டையும் கதவையும் கழற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டோம். சுவரும் ஆட்டுக்கல்லும் கிணற்று மேடையும் அப்படியே தண்ணீருக்கு அடியில் போயின. அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த காவிரி வேறு. கோடையில்கூடப் பாறைக்குப் பாறை சளசளவென்று பேசிக்கொண்டே ஓடும். அணை வந்தபின் அதற்கு வாய் அடைத்துப்போயிற்று. கண்ணுக்கு எட்டின மட்டும் நின்ற தண்ணீர். மழைக்காலத்தில் எங்கள் புது ஊரின் வாசல்வரை ஏறும். சித்திரையில் அரை மைல் பின்வாங்கி, வண்டல் நிலத்தை விட்டுவிட்டுப் போகும். அந்த ஈரத்தில் வெள்ளரியும் நிலக்கடலையும் போடுவோம். மீன் இலாகா ஆட்கள் வடக்கேயிருந்து தகர டின்களில் மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டார்கள். அந்த டின்னில் தொற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுச் சுவரில் குடியேறியிருக்குமோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். நினைத்தால் ஏனோ சந்தோஷமாக இருக்கிறது. யாரோ ஒருவர் அந்த வீட்டில் குடியிருந்தால் சரி.

அந்தப் பூச்சி வந்த வருஷம் எனக்குப் பதினேழு வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எட்டாவது வரை பென்னாகரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துவிட்டு, மேலே படிக்க வேண்டும் என்று வீட்டில் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் ஆக நாலு பேர். அண்ணிக்கு என்னைவிட நாலு வயது கூட. பாம்பைக் கண்டால் நாங்கள் ஓடுவோம். அவள் கவைக் கொம்பை எடுத்துக்கொண்டு எதிரே போவாள். அப்படிப்பட்ட தைரியசாலி. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் அண்ணியும் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் வெள்ளரிக்குக் களை வெட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினோம். அந்த அக்கா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்களோடு தமிழ்தான், பயம் வந்தால் மட்டும் கன்னடம் வரும். குடத்துத் தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டிக் குடிப்போம். அன்று தாகம் பொறுக்காமல் அண்ணி முழங்கால் தண்ணீரில் நின்று கையால் அள்ளி அள்ளிக் குடித்தாள். மூன்று கை குடித்துவிட்டு நாலாவது கையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் உள்ளங்கையில் ஒன்று கிடந்தது. இளம் நுங்கைச் சீவி வைத்த மாதிரி வட்டமாக, அந்தப் பக்கம் கைரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஓரமெல்லாம் மயிரிழை போல என்னவோ தொங்கிற்று. சுருங்கியது, விரிந்தது. மறுபடி சுருங்கியது, விரிந்தது.

"அய்யய்யோ, ஏனம்மா இது!" என்று, என்ன இது என்பதைக் கன்னடத்தில் அக்கா கூவினாள். குனிந்து பார்த்தோம். எங்கள் காலைச் சுற்றிலும் அதுவே. மேலே எழும்பி, குடை மடக்கி, கீழே இறங்கி, மறுபடி மேலே. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட அழகாக ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டது வேறு. "பாப்பா, நான் மூணு கை குடிச்சுட்டனே?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நுங்குப் பூச்சி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? பூச்சி வயிற்றுக்குள் போனால் அங்கேயே தங்கி வளரும் என்றாள் ஒருத்தி. வயிற்றில் தண்ணிக்குடம் இருக்கிறவளுக்கு இன்னும் சுலபம், அதற்கு நீந்த இடம் கிடைத்துவிட்டதே என்றாள் இன்னொருத்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களைத் துடைப்பத்தால் அடித்திருப்பேன். அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் குமட்டுகிறது என்றாள். இரண்டாம் நாள் தட்டைத் தள்ளினாள். மூன்றாம் நாள் அம்மா களியை உருட்டி வாயருகே கொண்டுபோக, பல்லைக் கடித்துக்கொண்டாள். "அத்தை, நான் தின்னா அதுக்குத்தான் போய்ச் சேரும். பட்டினி போட்டாத்தான் சாவும்" என்றாள். "அடி கூறுகெட்டவளே, உள்ள புள்ள இருக்குதேடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "பாப்பா, உள்ள அசையுதில்ல, அது புள்ள அசையற மாதிரி இல்ல. அன்னைக்குக் கையில பாத்தமே, சுருங்கிச் சுருங்கி விரிஞ்சுதே, அப்படியே இருக்குது."

தன் பிள்ளை உதைப்பதைத் தொட்டுப் பார்த்து ஒருத்தி நடுங்குகிறாள் என்றால், அதற்கு மேல் என்ன கொடுமை இருக்கிறது?

மந்திரித்துத் திருநீறு போட்டார்கள். வேப்பிலையை அரைத்துக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். அண்ணி எல்லாவற்றுக்கும் உடன்பட்டாள். சோற்றுக்கு மட்டும் உடன்படவில்லை. ஒரு வாய் மோரோ கஞ்சித் தண்ணியோ குடிப்பாள், அவ்வளவுதான். கன்னம் ஒட்டிப்போயிற்று. எழுந்து நின்றால் சுவரைப் பிடித்தாள். அண்ணனுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில்லாத மனுஷன், மாட்டுத் தொட்டியருகே போய் நின்று அழுதுவிட்டு வருவான்.

ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மண் கலயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பத்துப் பதினைந்து பூச்சிகளைத் தண்ணீரோடு மொண்டுவந்து, நடுவீட்டில் வைத்தேன். "பாருங்க அண்ணி, கடிக்குதா? கொட்டுதா?" என்று கையை உள்ளே விட்டுக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெறி வந்துவிட்டது. ஒன்றைத் தண்ணீரோடு அள்ளி வாயில் போட்டு முழுங்கிவிட்டேன். "இப்ப என்ன சொல்றீங்க? எனக்கும் வளருமா?"

அம்மா அலறினாள். அண்ணி மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "உனக்கு அங்க தங்க எடம் இல்ல பாப்பா, வெளிய போயிரும். எனக்கு எடம் இருக்குது." என் வீரமெல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது.

அடுத்தபடி எனக்குத் தோன்றியது பென்னாகரத்து ஆஸ்பத்திரி. அங்கே இங்கிலீஷ் படித்த டாக்டர் இருந்தார். அவர் பூச்சியைக் கண்ணால் பார்த்து, இது வயிற்றில் வளராது என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணி நம்புவாள் என்று நினைத்தேன். அண்ணியும் வருவதற்கு ஒப்புக்கொண்டாள். "அவரு பாக்கட்டும். வெட்டி எடுக்க முடியும்னா எடுக்கட்டும்" என்றாள். மறுநாள் சாயங்காலமே வண்டியில் வைக்கோல் பரப்பி, அண்ணன் எல்லாம் தயார் செய்துவிட்டான்.

இனி நான் சொல்லப்போவது என் புத்திசாலித்தனத்தின் கதை. கலயத்தில் பூச்சிகள் இரண்டு நாளும் சௌக்கியமாக நீந்திக்கொண்டிருந்தன. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து ஆள் யாரும் பெரிய மனிதர் முன்னால் மண் கலயத்தோடு போய் நிற்கமாட்டார்கள். தாசில்தாருக்கு மோர் கொடுத்தாலும் கோவிலுக்குத் தீர்த்தம் கொண்டுபோனாலும் செம்புதான். அதுவும் புளி போட்டு, முகம் தெரிகிற மாதிரி விளக்கின செம்பு. "டாக்டரு முன்னால கலயத்தையா வெப்பாங்க? நம்மளக் காட்டான்னு நெனச்சு எட்டியே பாக்கமாட்டாரு" என்று நானே சொன்னேன். அண்ணியின் கல்யாணச் சீராக வந்த செம்புக் குடம் ஒன்று இருந்தது. ஒரு கைப்பிடிப் புளியும் சாம்பலும் போட்டு, உள்ளும் புறமும் தேய் தேய் என்று தேய்த்தேன். விடிகிற நேரத்தில் பூச்சிகளை அதற்குள் ஊற்றினேன். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருந்தன. வாயில் வெள்ளைத் துண்டைக் கட்டி, வண்டியில் என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். செம்பு தகதகவென்று மின்னிற்று. எனக்கு ஒரே பெருமை.

ஆஸ்பத்திரி போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. டாக்டர் அண்ணியைப் படுக்கவைத்து, வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். "குழந்தைக்கு ஒண்ணும் இல்லை. இந்தம்மாதான் எலும்பும் தோலுமா இருக்காங்க. சாப்பாடு போடறீங்களா இல்லையா?" என்று அண்ணனைப் பார்த்து உறுமினார். அண்ணன், "இல்லீங்க ஐயா, பூச்சிங்க ஐயா" என்று மென்று முழுங்கினான். நான் குடத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்து, துண்டை அவிழ்த்து, "நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்கம்மா பூச்சி?"

நானும் பார்த்தேன். அடக் கடவுளே! தெளிந்த தண்ணீர்தான் இருந்தது. அடியில் கஞ்சி ஆடை போலக் கொஞ்சம் வெளுத்த வழவழப்பு. பதினொன்றில் ஒன்றுகூட இல்லை.

"குடத்துல தண்ணி கொண்டுவந்து என்கிட்ட வேடிக்கை காட்டறீங்களா? வெளியில நாப்பது பேர் நிக்கறாங்க" என்றார் டாக்டர். "பொய் சொல்லறதுக்கு வெயில்ல இத்தனை மைல் வண்டி கட்டிக்கிட்டு வருவமா?" என்று நானும் எகிறினேன். அந்த ஆஸ்பத்திரிக் கூடமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். மானம் கப்பலேறியது போனால் போகட்டும். அண்ணிக்கு இருந்த ஒரே வழியை நானே கெடுத்துவிட்டேனே!

எப்படி மறைந்தன என்று எனக்குத் தெரிய இருபது வருஷமாயிற்று. சத்திரத்து முற்றத்தில் இதைச் சொன்னபோது சயின்ஸ் டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். செம்பு அந்தப் பிராணிகளுக்கு எமனாம். அதிலும் புளி போட்டுத் தேய்த்துப் புதுசாக மின்னுகிற செம்பு, வண்டிக் குலுக்கல், வெயில் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதுகளின் உடம்பே முக்காலே மூணுவீசம் தண்ணீர்; செத்தால் கரைந்து தண்ணீரோடு தண்ணீராகிவிடும். மண் கலயத்திலேயே விட்டிருந்தால் டாக்டர் பார்த்திருப்பார். மரியாதை செய்வதாக நினைத்துப் பதினொன்றையும் கொன்று எடுத்துப் போயிருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தோற்றுவிட்டேன் என்பது மட்டும்தான். பென்னாகரம் தாண்டிச் சாலையோரப் புளியமரத்தடியில் அண்ணன் வண்டியை அவிழ்த்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். நான் குடத்தைத் தூக்கிக் கவிழ்க்கப் போனேன். ஆத்திரத்தில் அதை உருட்டிவிட்டிருந்தாலும் விட்டிருப்பேன்.

"இரு பாப்பா" என்றாள் அண்ணி.

வண்டியிலிருந்து மெல்ல இறங்கி வந்து குடத்தருகே உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அந்தப் பூச்சியின் பக்கமே பார்க்காதவள், கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். அடியைத் துழாவினாள். ஓரமெல்லாம் தடவினாள். வெளியே எடுத்து விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்று ஏதோ ஒட்டியது. தேய்த்ததும் அதுவும் போய்விட்டது.

"எத்தன போட்ட?"

"பதினொண்ணு அண்ணி. என் கண்ணாணை."

"காத்தால போட்டது, உச்சிக்குள்ள கரைஞ்சு போச்சு." அவள் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள். "சும்மா கெடந்த தண்ணியிலயே கரைஞ்சு போச்சு. நான் குடிச்சு எட்டு நாளாவுது. என் வவுத்துச் சூட்டுக்கு அது என்னாத்துக்கு நிக்கும்?"

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் வாய்க்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். கலயத்துல ரெண்டு நாள் உயிரோட இருந்துச்சே என்று சொல்லப்போகிறான். எனக்கும் அதே கேள்விதான் தொண்டைவரை வந்து நின்றது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை. அன்று அண்ணனை ஒரு முறை முறைத்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். நானும் மூடிக்கொண்டேன். அந்தக் காரணம் தப்பு என்று இருபது வருஷம் கழித்துத் தெரிந்தபோதும் அண்ணியிடம் போய்ச் சொல்லவில்லை.

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வயிற்றின் மேல் வைத்தாள். பிறகு என் கையை இழுத்துத் தன் கைக்குக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு முட்டு முட்டியது. நான் திடுக்கிட்டுக் கையை எடுக்கப் போனேன், அவள் விடவில்லை.

"பூச்சிதான் கரைஞ்சு போச்சே," என்றாள். "அப்ப இத்தன நாளும் உதைச்சது என் புள்ளதாண்டி பாப்பா. என் புள்ளயப் போயி நான் பட்டினி போட்டுட்டனே!"

புளியமரத்தடியில் அப்படி ஓர் அழுகை அழுதாள். அண்ணன் தார்க்குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றான். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வண்டியைப் பார்த்தாள். "அத்தை என்ன கட்டிக் குடுத்தாங்க?" என்றாள்.

அண்ணனுக்கும் எனக்குமாக அம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கட்டிக் கொடுத்திருந்தாள். நான் மூட்டையை அவிழ்த்து வைத்தேன். முதல் உருண்டையை அவள் மெதுவாகத்தான் முழுங்கினாள். இரண்டாவதுக்கு அவசரப்பட்டாள். அதன் பிறகு நாங்கள் எதிரில் இருப்பதையே மறந்துவிட்டாள். சட்டியை வழித்து விரலை நக்கின பின்தான் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "உங்களுக்கு?" என்று கேட்டாள். நாங்கள் முன்னாலேயே சாப்பிட்டாயிற்று என்று அண்ணன் பொய் சொன்னான். அன்று நாங்கள் இரண்டு பேரும் வெறும் வயிற்றோடுதான் வீடு வந்து சேர்ந்தோம். வழி முழுக்க அண்ணன் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான்.